மூன்றாம் படி விதி

மல்லாவிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை.
இரவு எட்டுக்கு ஷட்டரை அரைவாசி இறக்கினால்
உள்ளே ஓர் இராச்சியம்.
நான்தான் அதன் மழை, அதன் அரசன்,
அதன் அத்தனை பிசாசுகளும்.
காட்போட் மட்டையை நிமிர்த்தி வைத்து
அதற்குப் பின்னால் இருந்து கதை நடத்துகிறேன்.
இருபது முகக் கட்டை ஒன்றே ஒன்று,
கொழும்பிலிருந்து தபாலில் வந்தது.
மற்றதெல்லாம் தாயக்கட்டை.

இந்தச் சனிக்கிழமை
மூன்று மந்திரக்காரரும் மூன்றாம் படி ஏறினார்கள்.
விதியை வாசித்தேன்:
இனி ஆளுக்கு ஒரு பூதம்.
சேர்ந்த பூதத்தின் எதிர்ப்பூதம் பூட்டப்படும்,
சாகும்வரை திறக்காது.
தீ எடுத்தால் நீர் இல்லை.
வளி எடுத்தால் மண் இல்லை.

"ஐஞ்சாவது எங்க?" என்றான் யாழவன்.
"ஆகாயம் புத்தகத்தில இல்லை."
"எழுதினவன் ஒருநாளும்
வவுனிக்குளக் கட்டில மல்லாக்கப் படுத்திருக்கமாட்டான்"
என்றுவிட்டு நீரை எடுத்தான்.

டினோஜனுக்குப் பேக்கரியில் வேலை.
முழங்கை வரைக்கும் மயிர் பொசுங்கிய கை.
தீ, என்றான் யோசிக்காமல்,
பழகின சனியன்தானே.

நிதர்சனா இன்னும் வாய் திறக்கவில்லை.
அவளுடைய தாளில் நானே பென்சிலால்
மண் என்று எழுதிவிட்டேன்.
அவள் வேலையே அதுதான்.
விடியப் புறம் வாகனம் வந்து ஏற்றும்.
முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு
ஒரு மீற்றர் தடிக்குள் முழங்காலில் இருந்து
கண்ணிவெடி தேடி
மண்ணை விரல்கடை விரல்கடையாக வழிப்பாள்.
சனிக்கிழமையும் நகக்கண்ணில் செம்மண்.

"மண்ணில என்ன மந்திரம் இருக்கு?"
கல்மதில். சேற்றுப்பிடி. நிலச்செவி.
"நிலச்செவி என்ன செய்யும்?"
"அறுபது அடிக்குள்ள
நிலத்துக்குக் கீழ என்ன கிடந்தாலும் தெரியும்."
"எவ்வளவு நேரத்தில?"
"ஒரு மூச்சில."

சிரிக்கத் தொடங்கினாள். கனநேரம் சிரித்தாள்.
யாழவன் தண்ணிப் போத்தலை நீட்டினான்.
"நேற்று முழுநாளும் பதினொரு சதுர மீற்றர்.
ஆறு ஆணி, மீன் ரின் மூடி,
சின்னக் கொலுசு ஒண்டின்ர பாதி.
ஒரு மூச்சிலயாம்."

என் கையிலிருந்த அழிறப்பரை வாங்கினாள்.
"வளி எண்டு எழுது."
"மண் பூட்டுப்படும். யோசிச்சுச் சொல்லு."
"சாகும்வரைக்குமோ?"
"சாகும்வரைக்கும்."
"அதை முதல் எழுது."

பிறகு மலைக்கோட்டை மண்டபத்துக்குள் வந்தார்கள்.
நாற்பது கல் நீளத் தளம்.
இரண்டு கிழமைக்கு முதல், ஒன்றும் யோசிக்காமல்,
கற்களுக்குக் கீழே பொறி வைத்திருந்தேன்.
சிவப்புப் பேனையில் புள்ளடிகள்.
மிதித்தால் வெடிக்கும் என்று ஓரத்தில் என் எழுத்து.
மட்டைக்குப் பின்னால் அழித்துப் பார்த்தேன்.
பேனை மை போகாது.
தாள்தான் பொத்தல் விழுந்தது.

"என்ன சுரண்டுறாய்?"
"ஒண்டுமில்லை."
"பொறியோ?"
நான் பேசவில்லை.
"அழிக்காதை. இருக்கட்டும்.
அது கிடந்தால்தானே நான் பறக்கலாம்."

கட்டையை உருட்டினாள்.
அது மேசையால் விழுந்து
கொப்பி மெசினின் காலடியில் போய் நின்றது.
டோர்ச் அடித்துப் பார்த்தோம். நாலு.

"எழும்புறாய்" என்றேன், "ஆனால் ஒரு சாண்தான்."
"சாண் ஏற முழம் சறுக்கும்" என்றான் டினோஜன்,
தன் தீயைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஒரு சாண் காணும்" என்றாள்.
கதிரையில் காலை மடக்கிச் சப்பாணி கட்டினாள்.
"ஒவ்வொரு கல்லாச் சொல்லிக்கொண்டு வா.
புள்ளடி உள்ள கல்லெல்லாத்தையும் சொல்லு.
அதுக்கு மேலால மட்டும்தான் போவன்."